இயற்பியல் இளநிலைக்கு எந்தக் கல்விநிலையம்? பெங்களூருப் பிள்ளைகளுக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூருவில் ஒரு பியூ கல்லூரியில் (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) இயற்பியல் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூனிலும் யாராவது இரண்டு மூன்று சேர்க்கைக் கடிதங்களோடு வீட்டுக்கு வந்து, "சார், இதுல எது டாப்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி ஜூனில் வருவதுதான் கோளாறு. முடிவில் முக்கால்வாசி, பிள்ளை பதினோராம் வகுப்பில் பாடச் சேர்க்கையைத் தேர்ந்த அன்றே முடிந்துபோயிருக்கும்.

என் அண்ணன் மகளுக்காக இந்த வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை செய்து பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் பலர் சறுக்கியதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். கல்விநிலையத்தின் பெயர் கடைசிப் பக்கமாகத்தான் வரும்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் இருந்தால் அதன் நகல், குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்பதற்கு ஒளிவுமறைவில்லாத ஓர் எண். இந்தக் கடைசி எண்ணைப் பிள்ளையிடம் சொல்லப் பெற்றோர் தயங்குகிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜூலையில் சொன்னால் சண்டை வரும்.

1. முதலில் பட்டத்தின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்

இயற்பியல் இளநிலை என்று பொதுவாகச் சொன்னாலும் அது நான்கு வேறு வேறு பண்டம்.

மூன்றாண்டு பிஎஸ்சி ஒன்று. கர்நாடக அரசு 2024-25 முதல் நான்காண்டுப் பட்டத்தைக் கைவிட்டு மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. பெங்களூருக் கல்லூரிகளில் பிஎஸ்சி என்றால் பெரும்பாலும் இயற்பியல், கணிதம், கூட வேதியியலோ எலெக்ட்ரானிக்ஸோ என்று மூன்று பாடச் சேர்க்கை. டெல்லிக் கல்லூரிகளில் இயற்பியல் ஆனர்ஸ் என்று ஒரே பாடத்தை மையமாக வைத்து எடுப்பார்கள். மூன்றாம் ஆண்டோடும் நிறுத்தலாம், நான்காம் ஆண்டும் தொடரலாம்.

அடுத்தது பெங்களூரு ஐஐஎஸ்சியின் (இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்) நான்காண்டு பிஎஸ் ஆராய்ச்சிப் பட்டம், 2011-இல் தொடங்கியது. தொடக்கப் பருவங்களில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். முதன்மைப் பாடம் பிறகு. நான்காம் ஆண்டு ஆய்வுக்கு. விரும்பினால் ஐந்தாம் ஆண்டு இருந்து முதுநிலையும் வாங்கலாம்.

மூன்றாவது ஐந்தாண்டுப் படிப்பு: மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஏழு ஐசர்களின் பிஎஸ்-எம்எஸ்; அதே வகையான புவனேஸ்வர் நைசர், மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலீனா வளாகத்தில் உள்ள அடிப்படை அறிவியல் மையமான சிஇபிஎஸ் இரண்டிலும் ஒருங்கிணைந்த எம்எஸ்சி.

நான்காவது ஐஐடிகளின் வழி. மெட்ராஸ், பம்பாய், டெல்லியில் பிடெக் எஞ்சினியரிங் ஃபிசிக்ஸ், கான்பூரில் பிஎஸ் இயற்பியல்.

ஏன் இதை முதலில் முடிவு செய்ய வேண்டும்? "நாலு வருஷத்துல சம்பாதிக்கணும்" என்ற கட்டாயம் உள்ள வீட்டுப் பிள்ளையை ஐந்தாண்டுப் படிப்பில் சேர்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் கண்ணீரோடு போன் பேசியவர்களை அறிவேன். பல ஐசர்களில் நான்காம் ஆண்டோடு பிஎஸ் மட்டும் வாங்கி வெளியேற வழி உண்டு. ஆனால் அதை அவசர வாசலாகத்தான் பார்க்க வேண்டும், அதை நம்பி உள்ளே நுழையக் கூடாது. ஆராய்ச்சிதான் என்று ஓரளவு உறுதி இருந்தால் ஐந்தாண்டு நல்லது. உறுதி இல்லையென்றால் மூன்றாண்டு பிஎஸ்சிதான் மலிவான சோதனை. பதினேழு வயதில் உறுதி இல்லாமல் இருப்பது இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

2. இளநிலையே இல்லாத இடங்களைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்

ராமன் ஆராய்ச்சி நிலையம், கோரமங்களாவின் இந்திய வானியற்பியல் நிலையம், ஹெசரகட்டாப் பக்கம் உள்ள கோட்பாட்டு அறிவியல் மையமான ஐசிடிஎஸ். பெங்களூரில் இருப்பதால் இந்தப் பெயர்கள் எல்லார் வாயிலும் வரும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் போய்ச் சேர அங்கே இளநிலைப் படிப்பு கிடையாது. மும்பை டிஐஎஃப்ஆரும் (டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) அப்படியே.

இன்னொரு குழப்பம் நம் ஊருக்கே உரியது. இங்கே ஆட்டோக்காரரிடம் "டாட்டா இன்ஸ்டிட்யூட்" என்றால் ஐஐஎஸ்சி வாசலில் இறக்கிவிடுவார். மும்பையில் அதே சொல் டிஐஎஃப்ஆரைக் குறிக்கும். தாத்தா சொன்ன டாட்டா இன்ஸ்டிட்யூட்டை மகன் இணையத்தில் தேடி, தவறான நிறுவனத்தின் பக்கத்தில் இரண்டு மாதம் "அட்மிஷன்" பொத்தானைத் தேடிய கதை எங்கள் தெருவிலேயே நடந்தது.

3. தேர்வுகளைப் பதினோராம் வகுப்பிலேயே பொருத்துங்கள்

வடிவம் முடிவானால் தேர்வு தானாக முடிவாகும். ஐசர்களுக்கு ஐஏடி. நைசருக்கும் சிஇபிஎஸ்ஸுக்கும் நெஸ்ட். ஐஐடிகளுக்கு ஜேஇஇ மெயின் எழுதி, முதல் 2,50,000 பேருக்குள் வந்து, பிறகு அட்வான்ஸ்டு. டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு 2022 முதல் பல்கலைக்கழகப் பொது நுழைவுத்தேர்வான க்யூட். சென்னை சிறுசேரியில் உள்ள சிஎம்ஐ (சென்னைக் கணிதவியல் நிறுவனம்) தனியாக ஒரு தேர்வு வைக்கிறது. அதில் கேட்பது கணிதம். அங்கே கிடைப்பது கணிதமும் இயற்பியலும் சேர்ந்த மூன்றாண்டு ஆனர்ஸ் பட்டம், கோட்பாட்டுப் பக்கம் சாயும் பிள்ளைகளுக்கு ஏற்றது. பெங்களூருக் கல்லூரிகளின் பிஎஸ்சிக்குக் கர்நாடகப் பொது நுழைவுத்தேர்வான கேசிஇடி தேவையில்லை.

இப்போது பெரிய பள்ளத்துக்கு வருகிறேன். ஐஏடியில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1, மொத்தம் 240. அதாவது உயிரியலுக்கு மட்டும் 60 மதிப்பெண். நம் பிள்ளைகளில் இயற்பியல் பிடித்தவர்கள் பியூவில் உயிரியல் இல்லாத பிசிஎம்சி (இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர்) எடுத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் என்றால் கம்ப்யூட்டர் குரூப். தேர்வன்று கால்வாசித் தாள் அந்நியமாக நிற்கும்.

அல்சூர்ப் பையன் ஒருவன் மற்ற மூன்று பாடங்களையும் அருமையாக எழுதிவிட்டு உயிரியலை வெறுமையாக விட்டுவந்தான். "எனக்கு வராத சப்ஜெக்ட் சார், மைனஸ் வாங்குவானேன்னு விட்டுட்டேன்." பதினைந்தில் ஐந்தைச் சரியாகத் தொட்டிருந்தால் 20 மதிப்பெண். அந்த இருபதில் ரேங்க் எவ்வளவோ மேலே ஏறியிருக்கும். பிசிஎம்சி எடுத்தாலும் பரவாயில்லை. என்சிஇஆர்டியின் இரண்டு ஆண்டு உயிரியல் புத்தகங்களையும் கதைப் புத்தகம்போல் ஒருமுறை வாசித்துவிடட்டும். செல், மரபியல், மனித உடல், சூழலியல். இயற்பியல் மூளைக்கு மரபியல் கணக்குகள் எளிதாகவே வரும்.

அடுத்த தவறு சிறியது, ஆனால் அதற்குப் பரிகாரமே இல்லை. ஐஐஎஸ்சி பிஎஸ் சேர்க்கைக்கு ஐஏடி, ஜேஇஇ அட்வான்ஸ்டு மதிப்பெண்களை எடுத்துக்கொள்கிறார்கள். தேர்வு எழுதினால் மட்டும் போதாது, ஐஐஎஸ்சியின் சொந்தத் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நல்ல ரேங்க் வாங்கி, விண்ணப்பமே போடாமல் காத்திருந்த பிள்ளைகள் உண்டு.

க்யூட்டில் பாடங்களைத் தேர்ந்து பதிவு செய்வதற்குமுன் நீங்கள் கேட்கும் படிப்புக்கு எந்தப் பாடச் சேர்க்கை, எந்த மொழித்தாள் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுக் குறிப்பேட்டில் பாருங்கள். ஒரு தாள் குறைந்தால் மற்றதில் முழு மதிப்பெண் வாங்கியும் பயனில்லை.

பழைய அறிவுரையையும் ஓரம் கட்டுங்கள். "கேவிபிஒய் எழுதச் சொல்லுங்க, ஐஐஎஸ்சி உறுதி" என்று இன்னும் சொல்லும் மாமாக்கள் இருக்கிறார்கள். அந்தத் தேர்வு 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

4. சான்றிதழ்கள்: இடம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க

வெளியூர்த் தமிழர்கள் அதிகம் இடறுவது இங்கேதான். தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகம் தந்த பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழை அப்படியே மத்திய நிறுவனங்களில் நீட்ட முடியாது. அவர்கள் கேட்பது மத்திய அரசின் படிவத்தில் உள்ள ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ். அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பார்கள்.

மத்திய ஓபிசி பட்டியல் மாநிலவாரியானது. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள உங்கள் சாதி கர்நாடகப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். அதனால் பூர்வீக ஊரில் வாங்க வேண்டியிருக்கும். ஏப்ரலில் தேர்வு நெருக்கத்தில் தர்மபுரிக்கும் பெங்களூருக்கும் அலைவதைவிட, பிப்ரவரியிலேயே என்னென்ன தாள் வேண்டும் என்று ஊரில் விசாரித்து வைத்து, நிதியாண்டு பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். பொருளாதார நலிவுப் பிரிவுச் சான்றிதழுக்கும் ஆண்டுக்கணக்கு உண்டு. பிள்ளையின் பெயரில் இனிஷியல் எங்கே நிற்கிறது, விரித்து எழுதியிருக்கிறதா என்று எல்லாத் தாள்களையும் ஒன்றாகப் பரப்பிப் பாருங்கள். இனிஷியல் நம்மவர்களுக்கு மட்டுமே வரும் நோய்.

5. தரவரிசையை மூடிவைத்து சிலபஸைத் திறங்கள்

மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பட்டியலில் மொத்தக் கல்விநிலையம், பல்கலைக்கழகம், கல்லூரி, பொறியியல் என்று பிரிவுகள் உண்டு. இயற்பியல் துறைக்கென்று ஒரு பிரிவு இல்லை. ஒரு கல்லூரி முதலிடத்தில் இருந்தால் அங்கே வரலாறு முதல் வணிகவியல் வரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. உலகத் தரவரிசைகளோ ஆய்வுக் கட்டுரைகளையும் பெயரையும் எடைபோடுபவை. உங்கள் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டில் மின்காந்தவியல் எடுப்பவர் யார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

சிலபஸ் பக்கத்தை எப்படி வாசிப்பது? ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் 3-1-0 போல மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் வகுப்பு நேரம், நடு எண் டியூட்டோரியல், கடைசி லேப். ஐஐஎஸ்சியில் 2:1 போல இரண்டே எண்கள், வகுப்பும் லேபும். நடு எண் இருக்கும் இடங்களில் அதைப் பாருங்கள். இயற்பியல் பிடிபடுவது கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் நின்று "இங்கே எல்லைநிலை என்ன?" என்று கேட்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். எல்லாப் பாடத்துக்கும் நடுவில் சுழியம் என்றால் அந்த ஒரு மணி நேரத்தை வெளியே டியூஷனில்தான் தேட வேண்டும்.

பிறகு வரிசை. ஐகன் மதிப்பு, திசையன் வெளி எல்லாம் எந்த செமஸ்டரில், குவாண்டம் இயங்கியல் எந்த செமஸ்டரில்? குவாண்டம் முன்னால் வந்து கணிதம் பின்னால் வந்தால், பிள்ளை சூத்திரத்தை மனப்பாடம் செய்யப்போகிறது என்று பொருள். நான் எப்போதும் கேட்கும் குறுக்குக் கேள்வி: ஹைட்ரஜன் அணு எப்போது வருகிறது? நீல்ஸ் போரின் பழைய அணு மாதிரியோடு நின்றுவிடுகிறார்களா, ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை முழுதாகத் தீர்க்கிறார்களா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதித் துறைகள் தரம் பிரிந்துவிடும்.

சிலபஸைவிட நேர்மையானது பழைய கேள்வித்தாள். அண்ணன் மகளுக்காக இரண்டு இடங்களின் வெப்ப இயக்கவியல் தாள்களை வாங்கிச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்றில், கார்னோ எஞ்சினின் திறனுக்கான கோவையை வருவிக்க, 10 மதிப்பெண். மற்றதில், ஒரே வெப்ப ஏற்புத்திறன் கொண்ட இரண்டு கட்டிகள் வேறு வேறு வெப்பநிலையில் இருக்கின்றன, அவற்றுக்கிடையே ஓர் எஞ்சினை ஓட்டி, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை அதிகபட்சம் எவ்வளவு வேலை எடுக்கலாம்?

இரண்டாவதில் என்ட்ரோபி மாறாது என்ற ஒரு பிடி கிடைத்தால், இறுதி வெப்பநிலை இரண்டின் பெருக்கலின் வர்க்கமூலம் என்று வரும், மீதி நான்கு வரி. பிடி கிடைக்காவிட்டால் ஒன்றுமே எழுத முடியாது. இரண்டும் ஒரே அத்தியாயம்தான். சிலபஸில் இரண்டு இடத்திலும் அதே வாசகம்தான் அச்சாகியிருந்தது. அவள் இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள், இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. எனக்கு அப்போதே பதில் தெரிந்துவிட்டது.

6. லேபைக் கண்ணால் பாருங்கள்

ஐஐஎஸ்சி ஆண்டுக்கு ஒருநாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கும். அன்று கூட்டம் தாங்காது என்றாலும் காலையிலேயே போய்விடுங்கள். மற்ற இடங்களில் துறைத்தலைவருக்கு மின்னஞ்சல் எழுதி நேரம் கேளுங்கள்.

ஒரு கல்லூரியில் லேபைக் காட்டினார்கள். ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் துணி உறை, பார்க்க அழகு. ஓர் உறையைத் தூக்கினேன். ப்ரிசம் மேடையின் திருகுகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் அலமாரியில் ரெக்கார்டு நோட்டுகள் அடுக்கடுக்காக, எல்லாவற்றிலும் ப்ரிசக் கோணம் துல்லியமாக 60 டிகிரி. எங்கிருந்து வந்தது அந்த 60? முந்தைய ஆண்டு நோட்டிலிருந்துதான்.

ஆகவே கருவி எத்தனை என்று எண்ணாதீர்கள். ஒரு கருவிக்கு எத்தனை பேர், மாணவர் எடுத்த அளவில் பிழை இருந்தால் அதைப் பற்றி எழுதச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். 59.2 என்று எழுதி, ஏன் 60 வரவில்லை என்று அரைப்பக்கம் எழுதிய நோட்டு கண்ணில் பட்டால் அந்த இடத்தை நம்பலாம்.

7. சீனியரிடம் சரியான கேள்வி கேளுங்கள்

"காலேஜ் எப்படி?" என்றால் "சூப்பர்ண்ணா" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: போன கோடையில் என்ன செய்தாய்? உன் வகுப்பில் எத்தனை பேர் எங்கேயாவது ஆய்வுக்குப் போனார்கள்? எந்தப் பாடத்தை இரண்டாவது முறை எழுத வேண்டிவந்தது, யாரிடம் உதவி கேட்டாய்? இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். முதலாண்டுக்காரர் இன்னும் மயக்கத்தில் இருப்பார், கடைசி ஆண்டுக்காரருக்குக் கசப்பு மிஞ்சியிருக்கும்.

8. பணக் கணக்கு

மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 நேரடியாக, 20,000 கோடை ஆய்வுக்கு. வாரியத் தேர்வில் முதல் 1 விழுக்காட்டுக்குள் வருவது அதற்கு ஒரு வழி. அதனால் நுழைவுத்தேர்வு வெறியில் பியூ தேர்வைக் கோட்டை விடாதீர்கள். இது அடிப்படை அறிவியல் படிப்புகளுக்கு மட்டும். பிடெக் எஞ்சினியரிங் ஃபிசிக்ஸுக்குக் கிடையாது. நைசர், சிஇபிஎஸ்ஸில் திஷா என்று அதே அளவில் ஓர் உதவித்தொகை இருக்கிறது.

எந்தத் தொகையும் சேர்ந்த மாதமே கையில் வராது. முதலாண்டுச் செலவைத் தனியாக ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். பயணத்தையும் கணக்கில் எழுதுங்கள். திருப்பதி ஐசர் என்றால் ஒரு பகல் பஸ். மொஹாலி என்றால் தீபாவளிக்கு வந்துபோவதே நான்கைந்து நாள், ரயிலில்.

9. விருப்ப வரிசையில் பயத்தைக் கலக்காதீர்கள்

ஐஐடி இடங்களை ஒதுக்கும் ஜோசா கவுன்சலிங்கில் "கிடைக்கிறதை முதல்ல போடுவோம்" என்று எழுதுகிறார்கள். அந்த முறையில் எட்டாத ஒன்றை மேலே போட்டால் கீழே உள்ள வாய்ப்பு குறையாது. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கு அதே ரேங்கோடு பார்ப்பார்கள். எட்டுவதை மேலே போட்டால் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆகவே ஆசையின் வரிசையிலேயே எழுதுங்கள்.

போகவே மாட்டேன் என்ற இடத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். முதலில் ஏதோ ஓர் ஐஐடி, பிறகு கிளை (பாடப்பிரிவு) மாறிக்கொள்ளலாம் என்ற திட்டமும் வேண்டாம். பல ஐஐடிகள் கிளை மாறும் வசதியையே எடுத்துவிட்டன.

10. இரண்டு சீட் கையில் இருந்தால்

அண்ணன் மகளுக்கு ஓர் ஐசரும் டெல்லிக் கல்லூரி ஒன்றும் வந்தன. அண்ணிக்கு டெல்லி, அங்கே தங்கை வீடு இருக்கிறது. நாங்கள் செய்தது இது: இரண்டு இடத்துக்கும் மூன்றாம் செமஸ்டர் கால அட்டவணையை வாங்கி, ஒரு செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்து எழுதினோம். எத்தனை மணிக்கு எழுந்து, எந்த வகுப்பு, லேப் எப்போது முடியும், சாயங்காலம் நூலகம் திறந்திருக்குமா, சந்தேகம் வந்தால் ஆசிரியர் அறை எத்தனை நிமிட நடை.

டெல்லிச் செவ்வாயில் சித்தி வீட்டிலிருந்து மெட்ரோ இரண்டு முறை மாற வேண்டியிருந்தது. ஐசர்ச் செவ்வாயில் எல்லாமே நடைதூரம், ஆனால் சாப்பாடு ஒன்பது மாதமும் மெஸ்ஸில்தான். அவள் மெஸ்ஸைத் தேர்ந்தாள். கூட ஒரு புளிக்காய்ச்சல் பாட்டிலும் போனது.

11. எதுவும் கிடைக்காவிட்டால்

நகரத்திலேயே ஒரு நல்ல பிஎஸ்சியில் சேருங்கள். ஓராண்டை வீணடித்து மறுபடி எழுதுவது எல்லாருக்கும் ஒத்துவராது. மூன்றாண்டு முடியும்போது ஜாம் தேர்வு இருக்கிறது, 60 கேள்வி, 100 மதிப்பெண். அதன் வழியாக ஐஐடிகளில் எம்எஸ்சிக்கும், ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்டிக்கும் போகலாம். சதாசிவநகரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி (ஐஐஎஸ்சி வேறு, இது வேறு) மற்ற இரண்டு அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை தருகிறது. அதற்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

பெங்களூருவில் இருப்பதன் தனி லாபம் ஒன்று உண்டு. சௌடையா சாலையில் உள்ள ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தில் ரீப் என்று வார இறுதி இயற்பியல் வகுப்பு நடத்துகிறார்கள், இளநிலை மாணவர்களுக்காகவே. கல்லூரிப் பாடத்தில் விட்டுப்போகும் ஆழம் அங்கே கிடைக்கும். பிஎஸ்சி வகுப்புகள் தொடங்கிய வாரமே போய் விசாரியுங்கள், தாமதித்தால் அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிடும். உயிரியலை வெறுமையாக விட்ட அல்சூர்ப் பையன் இப்போது அங்கேதான் போகிறான். போன வாரம் என்னிடம் வந்து, அந்த இரண்டு கட்டிக் கணக்கில் கட்டிகள் மூன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். நானும் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.